எடுத்தது எடுத்ததுதான்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால, மைனாவுக்கு இன்னும் மூக்கு மஞ்சளாகாத காலத்துல, ஒரு ராஜ்ஜியத்துல செவந்தின்னு ஒரு பூக்காரி இருந்தா. அவ புருஷன் கொம்பையா, பொண்டாட்டி தலைக்குத் தாழம்பூ பறிச்சுட்டு வர்றேன்னு மந்திரக் காட்டுக்குள்ள போனான். போனவன் திரும்பலை. ஒரு மைனாதான் வந்துச்சு, வாயில தாழம்பூ மடலோட. மடலைப் போட்டுட்டு, "எடுத்தது எடுத்ததுதான்! எடுத்தது எடுத்ததுதான்!"னு கத்திக்கிட்டு அவ தோள்ல உக்காந்துச்சு. அது தன் புருஷன்தான்னு செவந்திக்குப் புரிஞ்சு போச்சு.

அந்தக் காட்டுல கோணமூக்கன்னு ஒரு மந்திரவாதி. அவனும் ஒரு சாபத்துல மாட்டினவன்தான், அதைக் கடைசியில சொல்றேன். வர்றவங்க முன்னால மூணு இலைப் பொட்டலம் வைப்பான். ஒண்ணுல வெள்ளைப் பூ, ரெண்டுல சிவப்பு. நீங்க ஒண்ணை எடுக்கணும். அவன் மிச்ச ரெண்டுல, தெரிஞ்சே ஒரு சிவப்பைப் பிரிச்சுக் காட்டி, "மாத்திக்கிறியா?"ன்னு கேப்பான். வெள்ளை வந்தா கேட்டது கிடைக்கும். சிவப்பு வந்தா மைனா!

நம்ம ஜனங்கதான் கோயில்ல பூப்போட்டுப் பாத்துப் பழகினவங்களாச்சே! கைக்கு வந்தது சாமி குடுத்தது, மாத்தினா சாமிகுத்தம். அதனால ஒருத்தரும் மாத்தலை. காடு பூரா மைனா.

செவந்தியும் முதல்ல, "மிச்சம் ரெண்டு பொட்டலம்தானே, மாத்தினாலும் மாத்தாட்டியும் பாதிக்குப் பாதி"ன்னுதான் நெனச்சா. ஆனா உசிரு விஷயமாச்சே, வெறும் நெனப்பை நம்பி இறங்கலாமா? தானே மூணு பொட்டலம் கட்டினா. மைனா அலகால ஒண்ணைத் தொடும். மிச்சத்துல ஒரு சிவப்பை இவ பிரிப்பா. இப்படி முப்பது தடவை. எடுத்ததுல பதினொரு தடவைதான் வெள்ளை. மாத்தியிருந்தா பத்தொம்பது!

"அடி ஆத்தீ!"ன்னா. அப்பவும் கிளம்பலை. "கண்ணால பாத்தாச்சு சரி, ஏன்னு தெரிய வேணாமா?"ன்னு சோறு தண்ணி இல்லாம யோசிச்சா. புரிஞ்ச பிறகுதான் மைனாவைத் தோள்ல வச்சுக்கிட்டுக் காட்டுக்குள்ள நடந்தா.

"என் புருஷன் வேணும்"னா.

"எடு"ன்னான் கோணமூக்கன்.

முதல் பொட்டலத்தை எடுத்தா. அவன் மூணாவதைப் பிரிச்சான். சிவப்பு. "மாத்திக்கிறியா?"

"மாத்திக்கிறேன்."

ரெண்டாவது பொட்டலத்தைப் பிரிச்சா.

அதுவும் சிவப்பு.

ஐயோ, என்னன்னு சொல்ல! கோணமூக்கன் மந்திரக்கோலை ஓங்கினான். "கையில இருந்த வெள்ளையை விட்டியே! மாத்தினது தப்புன்னு இப்பவாவது ஒத்துக்கிறியா?"

செவந்தி கண்ணுல தண்ணி கொட்டுச்சு. மைனாவை நெஞ்சோட அணைச்சுக்கிட்டா. "வயிறு எரியுது ஐயா. ஆனா தப்பில்லை. வெள்ளை மூணுல எதுலயும் இருந்திருக்கலாம். என் கையில இருந்தா, மாத்தினா போச்சு. ரெண்டாவதுல இருந்தா, நீங்க மூணாவதைத்தான் பிரிச்சாகணும், மாத்தினா கிடைக்கும். மூணாவதுல இருந்தா, ரெண்டாவதைத்தான் பிரிச்சாகணும், அப்பவும் மாத்தினா கிடைக்கும். மூணுல ரெண்டு எனக்கு, ஒண்ணு உங்களுக்கு. இன்னிக்கு அந்த ஒண்ணு வந்துருச்சு. தோத்தது என் கைதான், கணக்கு தோக்கலை. நூறு தடவை கேட்டாலும் மாத்துவேன்."

படார்! மந்திரக்கோல் ரெண்டா முறிஞ்சுது.

கோணமூக்கன் பொத்துன்னு உக்காந்து அழுதான். "தாயீ, நான் அரண்மனை ஜோசியனா இருந்தவன். பலிச்சா என் வித்தை, பலிக்காட்டி உன் தலையெழுத்துன்னு ஊரை ஏய்ச்சேன். 'தோத்த பிறகும் தன் காரணத்தை மாத்தாத ஒருத்தரைப் பாக்குற வரைக்கும் இந்தக் காட்டுலயே கெட'ன்னு ராணி சபிச்சுட்டாங்க. இத்தனை வருஷத்துல நீதான்மா வந்த."

மைனா எல்லாம் மனுஷங்களா மாறி, பேரு சொல்லிக் கூப்பிட்டுக் கட்டிக்கிட்டாங்க. கொம்பையா ஒரு புதுத் தாழம்பூவைப் பறிச்சுட்டு வந்து செவந்தி முன்னால நின்னான். குறும்பு போகுமா அவனுக்கு?

"எடுத்ததை மாத்துறவளாச்சே நீ! என்னையும் மாத்திடுவியோ?"

செவந்தி பூவை வாங்கித் தலையில செருகினா. கண்ணைத் துடைச்சுக்கிட்டே சிரிச்சா.

"போங்க மச்சான்! எடுத்தது எடுத்ததுதான்."