தவளை போலக் கத்திய இளவரசி

முன்னொரு காலத்தில், மழைக்குக் குறைவே இல்லாத நீர்வளநாட்டில் செங்கழுநீர் என்றொரு இளவரசி இருந்தாள். அவளுக்குத் தூக்கம் என்றால் உயிர். ஆனால் மழை வந்துவிட்டால் அரண்மனைக் குளத்துத் தவளைகள் அவளைக் கண்மூட விடாது. பெருந்தவளை "கொர்ர், கொர்ர்" என்னும். பச்சைத்தவளை "டக்டக், டக்டக்" என்னும். குட்டைத்தவளை "ங்கீ, ங்கீ" என்னும்.

எரிச்சல் தாங்காமல் அவள் மந்திரவாதி சுருளனைக் கூப்பிட்டு, எல்லாத் தவளைக்கும் ஒரே இனிய குரல் போதும் என்றாள். அவன் மூன்று குரலையும் பிடித்துச் செப்புச் சொம்பில் அடைத்தான். அன்றிலிருந்து குளம் முழுக்கப் புல்லாங்குழல் ஓசைதான். இளவரசி நிம்மதியாகத் தூங்கினாள்.

வினை அடுத்த மழையில் தெரிந்தது. பெண்தவளை தன் இனத்து ஆணைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்கும். இப்போது எல்லாக் குரலும் ஒன்று. பெருந்தவளை பச்சையிடம் போனது. பச்சை, குட்டையிடம் போனது. இட்ட முட்டையெல்லாம் வெளுத்து மிதந்தது. ஒரு தலைப்பிரட்டை கூட வரவில்லை. மழைக்கு மழை தவளை குறைந்தது, கொசு பெருகியது. கடைசியில் ராணியே காய்ச்சலில் படுத்துவிட்டாள்.

தன் தூக்கத்துக்கு அம்மாவின் உயிரா விலை என்று இளவரசிக்கு நெஞ்சு வெந்தது. நேரே சுருளனிடம் போய்ச் சொம்பைத் திறக்கச் சொன்னாள்.

அவன் சிரித்தான். "அரசவை நடுவில் நின்று யாராவது மூன்று குரலையும் பிசகாமல் கத்தினால் மூடி தானே திறக்கும். பிசகினால், கத்தியவர் தவளைதான்."

அரண்மனை வித்வான்கள் கையை விரித்தார்கள். அந்த நாளில் அவர்கள் குறட்டை விட்டுத் தூங்கியவர்கள். ஒரு குரலும் நினைவில்லை. தானே கத்த முன்வந்த மகளின் கையை ராஜா பிடித்துத் தடுத்தார்.

"கெடுத்தது நான், அப்பா. நானே சரிசெய்கிறேன்" என்றாள் அவள்.

சபை நடுவில் குந்தி உட்கார்ந்தாள். "கொர்ர், கொர்ர்." அமைச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். "டக்டக், டக்டக்." சபையே சிரித்தது. சுருளன் மட்டும் சிரிக்கவில்லை. அவள் கண்ணை மூடி, தலையணையால் காதை அடைத்துக்கொண்டு புரண்டு கிடந்த பழைய இரவுகளை நினைத்தாள். அந்தச் சத்தத்தை அவளை விட நன்றாக அறிந்தவர் யார்?

"ங்கீ, ங்கீ."

மூடி தெறித்தது. மூன்று குரலும் குளத்துக்குத் தாவின. புல்லாங்குழல் ஓசை சுருளனின் தொண்டையில் போய் ஒட்டிக்கொண்டது; அவன் குழல் போல ஊதிக்கொண்டே ஓடிப்போனான்.

அடுத்த மழைக்குக் குளமெங்கும் தலைப்பிரட்டை. கொசு அடங்கியது, ராணி எழுந்து நடந்தாள். செங்கழுநீருக்கோ மறுபடி பொட்டுத் தூக்கமில்லை. அவள் ஜன்னலை இன்னும் அகலமாகத் திறந்து வைத்தாள்.