பள்ளிவாசலில் பேச்சை விட்ட பல்லி

அந்தக் காலத்தில், ஊர்வனவும் பறப்பனவும் மனிதர்களோடு சரிக்குச் சரியாய் வாயாடிக்கொண்டிருந்தபோது, பாரசீக நாட்டில் ஒரு பல்லி இருந்தது. அது குடியிருந்தது ஒரு பள்ளிவாசலில். பல்லிக்குப் பள்ளிவாசலில் என்ன வேலை என்று சிரிக்க வேண்டாம். அதற்கு அங்கே நிஜமாகவே வேலை இருந்தது.

அந்தப் பள்ளிவாசலை அப்போதுதான் கட்டிக்கொண்டிருந்தார்கள். வளைவுகள், தூண்களுக்கு மேலே கவிந்த கூரை, மினாராவின் கழுத்து என்று ஓரிடம் விடாமல் வண்ண ஓடு பதித்தார்கள். கிழக்கே பார்த்த ஜன்னல்களுக்கெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாய்க் கண்ணாடி. மற்ற ஊர்களில் சுவருக்கு நீலம் போதும் என்பார்கள். இந்த ஊர்க்காரர்களுக்கு ரோஜா என்றால் உயிர். சுவரெல்லாம் ரோஜா பூக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள்.

ஓடுகளில் வண்ணம் தீட்டியவள் குல்னார். அந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு. சூளையில் வேகும்வரை எந்தப் பூச்சுக்கும் சொந்த நிறம் கிடையாது. எல்லாக் கிண்ணத்திலும் ஒரே சாம்பல் கூழ்தான். வெந்து வெளியே வந்த பிறகுதான் இது நீலம், இது பச்சை என்று தெரியும். ஆனால் பல்லிக்கு முன்கூட்டியே தெரியும். நுனிநாக்கால் ஒரு தொடு தொட்டு உடனே துப்பிவிடும். "இது நீலம்க்கா. அது மஞ்சள், நல்லாக் கலக்கிட்டுத் தொடு" என்று சொல்லும். ஒருநாளும் தப்பியதில்லை. அதனால் அதற்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ரோஜா நிறத்தைக் குழைத்தவன் குல்னாரின் கணவன் குபாத். அவளுடைய கல்யாண வளையல்களை அவளிடமே கேட்டு வாங்கி, அந்தப் பொன்னைக் கரைத்து என்னென்னவோ சேர்த்து அந்தப் பூச்சை உண்டாக்கினான். பக்குவம் அவனுக்கு மட்டும்தான் தெரியும். "குளிர் போகட்டும், உனக்குச் சொல்லித் தர்றேன்" என்றான். குளிர் போவதற்குள் காய்ச்சலில் அவன் போய்விட்டான்.

மிஞ்சியது ஒரே ஒரு கிண்ணம். மற்ற சுவர்களில் எல்லாம் அவன் இருக்கும்போதே ரோஜா பூத்திருந்தது. மிஹ்ராப் மட்டும் பாக்கி. தொழுகிறவர்கள் முகம் திருப்பி நிற்கிற அந்த மாடத்தைச் சுற்றிப் பன்னிரண்டு ஓடுகள் வரவேண்டும். தன் வேலையிலேயே அதுதான் நல்லதாக இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டவன் அவன். குல்னாரும் அந்தக் கிண்ணத்தைக் கண்ணுக்குக் கண்ணாய்க் காத்து வைத்திருந்தாள்.

அன்று காலை கொத்தனார் காசிம் வாசலில் நின்று குரல் கொடுத்தார். "தங்கச்சி, சூளையை இன்னிக்கே மூட்டிடணும். மேகம் கூடுது, விறகு நனைஞ்சா ஒண்ணும் ஆகாது."

"இதோ அண்ணே!" என்று குல்னார் பரபரத்தாள். அவள் முன்னால் இரண்டு கிண்ணங்கள். ஒன்றில் ரோஜா. இன்னொன்றில் தூரிகை கழுவிக் கழுவிக் கெட்டியாகிப்போன கழிவு. இரண்டும் ஒரே சாம்பல். அவள் ஒன்றைக் கையில் தூக்கினாள்.

"ஜான், ரோஜா இதுதானே?" என்று பல்லியைக் கேட்டாள். அந்த நாட்டில் ஜான் என்றால் நாம் 'கண்ணு' என்று கூப்பிடுகிற மாதிரி.

அதுதான் ரோஜா. பல்லி அப்போதுதான் தொட்டுப் பார்த்திருந்தது. ஆனால் அந்த நேரம் பார்த்து ஒரு கொழுத்த அந்துப்பூச்சி மூக்குக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது. லபக்கென்று கவ்விற்று. வாய் நிறைய இரை. விழுங்குவதற்காக மோவாயைத் தூக்கிற்று. தொண்டையில் "ச்ச்" என்று ஒரு சத்தம் வந்தது.

அந்த நாட்டில் மோவாயைத் தூக்கி "ச்ச்" என்றால் "இல்லை" என்று அர்த்தம். நாம் தலையை ஆட்டுகிற மாதிரி அவர்கள் அதைச் செய்வார்கள். குல்னார் மறுபேச்சில்லாமல் கிண்ணத்தை முற்றத்து மண்ணில் கவிழ்த்துவிட்டாள்.

பல்லி பார்த்தது. பூச்சியின் ஒரு இறக்கை இன்னும் அதன் வாயோரம் தொங்கிக்கொண்டிருந்தது. கூழ் மண்மேல் திட்டாகத்தான் நின்றது. அந்த நொடி "ஐயோ, அக்கா!" என்று கத்தியிருந்தால் கரண்டியால் அள்ளியிருக்கலாம். ஆனால் தப்பாத நாக்கு என்று பெயர் வாங்கிய நாக்காயிற்றே! முதலில் விழுங்கிக்கொள்வோம் என்று நினைத்தது. விழுங்கி முடிப்பதற்குள் அவள் மற்றக் கிண்ணத்தில் தூரிகையை முக்கி, குபாத்தின் பெயரைச் சொல்லி முதல் இதழைப் போட்டுவிட்டாள். இப்போது எப்படிச் சொல்வது? அப்புறம் சொல்வோம் என்று பேசாமல் இருந்தது. மண் மெல்ல மெல்ல எல்லாவற்றையும் குடித்துவிட்டது.

மூன்று நாள் சூளை எரிந்தது. மூன்று நாளும் பல்லிக்கு இரை இறங்கவில்லை.

சூளையைத் திறந்தார்கள். கொடிகள் நீலம், இலைகள் பச்சை. பூக்கள் மட்டும் சாம்பல். "சூடு பத்தலையோ?" என்று காசிம் தலையைச் சொறிந்தார். குல்னார் ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். அப்போதுதான் பல்லி சுவரிலிருந்து இறங்கி வந்து எல்லாவற்றையும் சொன்னது.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"நானும் உன் மூஞ்சியைப் பார்த்துக் கேட்டிருக்கணும்" என்றாள். ஓட்டைக் கீழே வைத்துவிட்டு, "அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அள்ளியிருப்பேனே ஜான். பாதியாவது தேறியிருக்குமே" என்றாள்.

நீல ஓடு பதித்து ஒப்பேற்றிவிடலாம் என்றார் காசிம். அவள் கேட்கவில்லை. "அவர் ஆசைப்பட்ட இடத்துல வேற பூ வேண்டாம் அண்ணே" என்று சாம்பல் ரோஜாக்களையே பதித்தாள். காலை வெயில் சிவப்புக் கண்ணாடி வழியாக மிஹ்ராபில் விழும்போது அவை பன்னிரண்டும் அரை நாழிகை நேரம் ரோஜாவாகவே தெரிந்தன. வெயில் ஏறியதும் பழையபடி சாம்பல். தினமும் அதைப் பார்த்துப் பல்லிக்கு நெஞ்சு வெடித்தது.

அது முற்றத்துக்குப் போய்ப் பூச்சு விழுந்த மண்ணை நக்கத் தொடங்கியது. நக்கி நக்கி, கிடைத்ததையெல்லாம் வெறுங்கிண்ணத்தில் கொண்டுபோய் உமிழ்ந்தது. ஈயமும் சுண்ணாம்பும் கலந்த மண். நாக்கு வெந்தது. விடவில்லை. நாற்பது நாள் நக்கியும் கிண்ணத்தில் சேர்ந்தது சேறுதான்.

குல்னார் வந்து பக்கத்தில் குந்தினாள். "போதும் ஜான், விட்டுடு. மண்ணு குடிச்சதை யாரால வாங்க முடியும்?"

பல்லி தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தது. "என்னை மன்னிச்சுடுக்கா" என்று சொல்ல வாயெடுத்தது. வெந்த நாக்கிலிருந்து வந்தது "ச்ச்" மட்டும்தான்.

"விடமாட்டியா? இல்லைன்னுதான் சொல்வியா?" என்று குல்னார் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

பல்லிக்கு அதற்குப் பிறகு ஒரு வார்த்தையும் வாய்க்கவில்லை.

அன்றிலிருந்துதான் பல்லிகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு "ச்ச், ச்ச்" என்கின்றன. நாமோ எந்தத் திசையில் சொல்லிற்று, என்ன பலன் என்று பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறோம். பாவம், அது இன்னும் மன்னிப்புத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது.