செல்லோவா மிருதங்கமா

குருவுக்கு வயது முப்பத்திநான்கு. சீடருக்கு ஐம்பத்தெட்டு.

குரு ஜெசிந்தா, பாளையங்கோட்டையில் மாண்டலின் வாசிப்பவர். சீடர் கோதண்டபாணி, முப்பது வருஷம் சபாக்களில் மிருதங்கம் வாசித்தவர். போன வருஷம் ஒரு கல்யாண வரவேற்பில் ஜெசிந்தாவின் குழுவைக் கேட்டார். மறுநாளே போய், "டீச்சர், எனக்கும் இப்படிச் சேந்து வாசிக்கச் சொல்லிக் குடுங்க" என்று நின்றார். அந்த வயசில் அப்படிப் போய் நிற்க ஒரு மனசு வேண்டும். அது அவரிடம் இருந்தது. கோபமும் இருந்தது.

குழுவில் நான்கு பேர். இவர்கள் இருவர் போக, நையாண்டி மேளத்திலிருந்து வந்த சுடலைமுத்துவுக்குக் கிளாரினெட். சர்ச்சில் வாசித்துப் பழகிய எட்வினுக்குச் செல்லோ. வயலினுக்குப் பெரியண்ணன் மாதிரி, தரையில் ஊன்றி வாசிக்கிற வாத்தியம். ஒரே பாட்டில் கீர்த்தனையும் மேளமும் சர்ச் இசையும் வந்து போகும். எவ்வளவு பெரிய மண்டபமானாலும் மைக் கிடையாது.

மறுநாள் நூலக மண்டபத்தில் கச்சேரி. ஒத்திகைக்கு உட்கார்ந்ததும் கோதண்டபாணி வெடித்தார்.

"டீச்சர், நாளைக்கு மேடையில செல்லோவா மிருதங்கமா, ஒண்ணு சொல்லிருங்க. ரெண்டும் சேந்து இருக்காது."

வில்லுக்கு ரோசின் பிசின் தேய்த்துக்கொண்டிருந்த எட்வின் தலை நிமிரவில்லை.

"என்ன ஆச்சு அண்ணாச்சி?" என்றார் ஜெசிந்தா.

"இன்னும் என்ன ஆகணும்? இவன் உங்க மாண்டலினை முழுங்குதான். உங்க வாத்தியம் கேக்கவே மாட்டேங்குது. நீங்க பாட்டுக்குச் சும்மா இருக்கீங்க. எனக்கு வயிறு எரியுது."

"எனக்காகவா?"

"பின்ன, எனக்காகவா? குருவை ஒருத்தன் அமுக்குதான். பாத்துக்கிட்டு இருக்கச் சொல்லுதீங்களா?"

அடுத்தவருக்காகப் படுகிற கோபத்தில் ஒரு சௌகரியம் உண்டு. அதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. கோதண்டபாணி அதில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

ஜெசிந்தாவின் முகம் சிவந்தது. குருவுக்குக் கோபம் வராது என்று யாரோ கதை கட்டியிருக்கிறார்கள். இந்தக் குருவுக்கு நன்றாகவே வரும்.

"சரி. ஒரு தடவை வாசிப்போம். எந்த இடத்துல முழுங்குதாருன்னு காட்டுங்க. காட்டிட்டீங்கன்னா நாளைக்கு எட்வின் அண்ணன் வரமாட்டாரு."

எட்வின் இப்போது நிமிர்ந்தார். பதினோரு வருஷமாக அந்தக் குழுவில் இருப்பவர். வில்லைக் கம்பியில் வைத்தார்.

ஆரம்பித்தார்கள். மெதுவான மெட்டு, ஆதி தாளம். கோதண்டபாணி எட்வினின் வில்லை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இதோ முழுங்குகிறான், இதோ முழுங்குகிறான் என்று, தாளம் சுற்றிவரும் ஒவ்வொரு ஆவர்த்தனத்துக்கும் கோபம் ஏறியது. விரல்களும் அதற்குத் தக்கபடி பேசின.

நாலாவது ஆவர்த்தனத்தில் செல்லோ நின்றது. உடனே கிளாரினெட்டும் நின்றது.

கோதண்டபாணி விடவில்லை. பொறுப்பில்லாத பயல்கள். ஓரக்கண்ணால் பார்த்தார். ஜெசிந்தாவின் கை ஓடிக்கொண்டிருந்தது. அது போதும் அவருக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்து, ஜன்னல் கண்ணாடி அதிரக் கோர்வை வைத்து முடித்தார்.

"பாத்தீங்களா! பாதியில விட்டுட்டான். இவனைப் பாத்து அவனும் விட்டுட்டான். நாளைக்கு ஜனங்களுக்கு முன்னால இப்படி விட்டா யாருக்கு அசிங்கம்? கடைசி வரைக்கும் நீங்களும் நானும்தான் வாசிச்சோம்."

சுடலைமுத்து கிளாரினெட்டைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"அண்ணாச்சி," என்றார் ஜெசிந்தா, "நான் எந்த இடத்துல நிறுத்தினேன்?"

"நீங்க எங்க நிறுத்துனீங்க? கை ஓடிக்கிட்டே இருந்துச்சே."

"கை ஓடுச்சு. கம்பியில படல. மூணாவது ஆவர்த்தனத்துக்கு அப்புறம் நான் ஒரு சுரம்கூட வாசிக்கல."

கோதண்டபாணி சுடலைமுத்துவைப் பார்த்தார்.

"ஆமா அண்ணாச்சி," என்றார் சுடலைமுத்து. "மாண்டலின் நின்னுபோச்சு. எட்வினுக்குத்தான் முதல்ல தெரிஞ்சுது. கம்பி அந்துருச்சோன்னு பயந்து நிறுத்துனாரு. அப்புறம்தான் நான் நிறுத்துனேன்."

கோதண்டபாணிக்குக் காதுவரை சூடேறியது.

"பரீட்சை வைக்கீங்களா? முப்பது வருஷம் வாசிச்சவனுக்குப் பொறி வைக்கீங்களா? நல்லாருக்கு டீச்சர். ரொம்ப நல்லாருக்கு! உங்களுக்காகச் சண்டை போட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!"

"கத்தாதீங்க!" ஜெசிந்தாவும் கத்தினார். "என் பேரைச் சொல்லி ஒரு மனுஷனை வெளியில தள்ளப் பாத்தீங்க. அங்க நான் இருக்கேனா இல்லையான்னே உங்களுக்குத் தெரியல!"

கோதண்டபாணி எழுந்தார். மிருதங்கத்தை உறைக்குள் திணித்தார். ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. இழுத்தார், வரவில்லை. இந்தக் குழுவுக்காக ஒரு வருஷமாகச் சபாக் கச்சேரிகளை வேண்டாம் என்று சொல்லி வந்தவர். திரும்பிப் போனாலும் அங்கே அவர் இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பார். அது அவருக்குத் தெரியும். அவமானத்தில் அவருக்குக் கண் கலங்கியது.

எட்வின் எழுந்து வந்து, குனிந்து, சிக்கிய துணியை விலக்கிவிட்டார். ஜிப் நகர்ந்தது. கோதண்டபாணி அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"செல்லோவே இருக்கட்டும் டீச்சர். நான் போறேன்."

ஜெசிந்தாவுக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. மாண்டலினைக் கீழே வைக்காமலே சொன்னார்.

"போறதா? நீங்க இன்னும் வந்தே சேரலையே, அண்ணாச்சி. உக்காருங்க."