புளி போட்டுத் தேய்த்த காசு

பாளையங்கோட்டையில் ரஹமத்நிஷாவிடம் நாணயம் சேர்க்கக் கற்றுக்கொள்ள வருகிறவர்களில் மூத்தவர் சங்கரபாண்டியன். குருவைவிட இருபது வயது பெரியவர். ஆனாலும் வாய் நிறைய 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார். மின்வாரிய வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். வீம்பிலிருந்து இன்னும் பெறவில்லை. சொல்பேச்சு கேட்காமல் டிரினிடாட் தீவுக்கு வேலைக்குப் போன மகனோடு பேச்சை நிறுத்தியவர், அந்த ஊர்க் காசுகளை மட்டும் தேடித் தேடிச் சேர்த்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் ஓட்டமும் நடையுமாக வந்து உள்ளங்கையை விரித்தார். ஒரு சென்ட் வெண்கலக் காசு. அதில் சிறகு விரித்த ஒரு தேன்சிட்டு.

"டீச்சர், ஆல்பத்துல இந்தக் காசுல போட்டிருக்க வருஷம் மட்டுந்தானே இல்லாம இருந்துச்சு? மவன் அனுப்பியிருக்கான்! அவன் அம்மா சொல்லியிருப்பா போல."

காசைப் பார்த்ததும் ரஹமத்நிஷாவின் முகம் மாறியது.

"என்னத்தப் போட்டுத் தேச்சிய அண்ணாச்சி?"

"புளிதான். கார்த்திகைக்கு விளக்கு தேய்ப்போம்லா, அந்த மாதிரி. வரும்போது கறுத்துக் கெடந்துச்சு. மவன் அனுப்புன காசு, பளபளன்னு இருக்கட்டுமேன்னு..."

ரஹமத்நிஷா தன் பெட்டியிலிருந்து இன்னொரு தேன்சிட்டுக் காசை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அது பனங்கருப்பட்டி நிறத்தில் இருந்தது.

"இந்த நிறந்தான் அண்ணாச்சி காசுக்கு மதிப்பு. தேச்ச காசை யாரும் ஆல்பத்துல வைக்க மாட்டாங்க."

"பழைய நிறம் திரும்பாதா?"

"பழையபடி திரும்பாது."

சங்கரபாண்டியன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

"அவனா மனசு எறங்கி அனுப்புனது. இந்தக் கையாலயே பாழாக்கிட்டேனே."

"காசு வந்து சேந்துச்சுன்னு மவன்கிட்ட சொன்னியளா?"

"இல்ல. போனை எடுப்பேன், வச்சிருவேன். இத்தனை வருஷம் கழிச்சு என்னத்தச் சொல்லி ஆரம்பிக்க, டீச்சர்?"

ரஹமத்நிஷா அந்தத் தேய்த்த காசை எடுத்து அவருடைய சட்டைப்பைக்குள் போட்டார். அதே பையிலிருந்த போனை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"'புளி போட்டுத் தேச்சுட்டேன், இன்னொண்ணு அனுப்புலே'ன்னு ஆரம்பிங்க."