வெள்ளை மானின் கண்ணுக்குள் இரண்டு மணி

ரொம்ப காலத்துக்கு முன்னாடி, மானுக்கும் மனுஷனுக்கும் பேச்சுவார்த்தை இருந்த நாளிலே, தேக்கூர்னு ஒரு ராஜ்யம். அங்கே காட்டுல மான் குட்டி போட்டா, மான்காவல்காரன் அன்னைக்கே அரண்மனை வாசல்ல நின்னு கொம்பு ஊதி ராஜாவுக்குச் சொல்லணும். அது வழக்கம்.

காவல்காரன் பேரு மாசாணம். ஒருநாள் புள்ளிமான் கூட்டத்துல பால் மாதிரி வெள்ளையா ஒரு பெண்குட்டி பிறந்தது. இந்த அப்பாவி, சந்தோஷத்துல மூணு தடவை கொம்பு ஊதி, சொல்ல வாயைத் திறந்தான்.

அதுக்குள்ள குட்டியைப் பத்திக் கேள்விப்பட்ட மந்திரவாதி கருங்கண்டன் வந்துட்டான். "காவல்காரன் செஞ்ச பாவம்தான் குட்டியை வெளுக்க வச்சிருக்கு"ன்னு கோலைத் தட்டினான். மாசாணம் நின்ன இடத்துலேயே கல்லாயிட்டான்.

அவன் பெண்டாட்டி சடைச்சி அழுது தீர்த்தா. அப்புறம் முகத்தைக் கழுவிக்கிட்டு நேரா ராஜாகிட்ட போனா.

"மகாராஜா, என் புருஷன் ஒரு பாவமும் செய்யலை."

ராஜா பக்கத்துல நின்ன மந்திரவாதி சிரிச்சான். "இந்த மான் வளர்ந்து போடுற குட்டியும் வெள்ளையாத்தான் பிறக்கும். சாபம் விடாது. புள்ளியோட பிறந்தா என் மந்திரம் மொத்தமும் அழியட்டும்."

"வெள்ளையாப் பிறந்தா நீயும் கல்லு, மானும் கல்லு. சம்மதமா?"ன்னு ராஜா அவளைக் கேட்டார்.

"சம்மதம்."

பாறையில உப்பு வச்சு மான்களைக் கூப்பிடுறது காவல்காரன் வேலை. இப்போ சடைச்சி அதைச் செஞ்சா. உப்பு நக்க வந்த வெள்ளைக்குட்டி, "அக்கா, என் கண்ணுக்குள்ள பாரு"ன்னுது. பார்த்தா, உள்ளே பாசிமணி மாதிரி ரெண்டு மணி. ரெண்டும் வெள்ளை.

"ஒண்ணு அம்மா குடுத்தது, ஒண்ணு அப்பா குடுத்தது."

"அவங்க புள்ளிமான் ஆச்சே?"

"அவங்க கண்ணையும் பாரு."

தாய் கண்ணுல ஒரு புள்ளி மணி, ஒரு வெள்ளை மணி. தகப்பன் கண்ணுலயும் அப்படியே. புள்ளி மணி ஒண்ணு இருந்தாலே போதும், உடம்பு பூரா கோலம் போட்டுடும். வெள்ளை மணி பின்னால ஒளிஞ்சுக்கும். ரெண்டும் வெள்ளையா வாய்ச்சாத்தான் குட்டி வெள்ளை.

"அட, இது வழிவழியா வர்ற சங்கதி. இதுல பாவம் எங்கே வந்தது?"ன்னா சடைச்சி.

வெள்ளை மான் வளர்ந்தது. அதைத் தேடி ஜம்முன்னு ஒரு ஆண்மான் வந்தது. கண்ணைப் பார்த்தா, ஒரு வெள்ளை மணி ஒளிஞ்சிருக்கு. "நீ வேணாம் ராசா, போ." அதைவிட ஜம்முன்னு இன்னொண்ணு. அதுலயும் ஒளிஞ்சிருக்கு. "நீயும் வேணாம் ராசா, போ." மூணாவது, ஆத்துக்கு அக்கரையில இருந்து நீந்தி வந்த கொம்பு ஒடிஞ்ச மான். ரெண்டுமே புள்ளி மணி.

"நீதான் வேணும் ராசா, வா." இருந்த உப்பையெல்லாம் அதுக்கே கொட்டினா. அது அங்கேயே தங்கிடுச்சு.

குட்டி பிறக்கிற அன்னைக்கு மந்திரவாதி கோலோட வந்து முன்னால உட்கார்ந்தான். சடைச்சிக்குக் கொஞ்சமும் பயமில்லை. தாய் ஈரத்தை நக்க நக்க, குட்டி முதுகுல ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு புள்ளி தெரிஞ்சது. கருங்கண்டன் கோலு பொடிப்பொடியா உதிர்ந்தது. அவன் ராஜ்யத்தை விட்டே ஓடினான்.

சடைச்சி அரண்மனை வாசலுக்கு ஓடி, தானே கொம்பு ஊதினா. கல்லு உயிரா மாறிச்சு. மாசாணம் அன்னைக்கு விட்ட இடத்துல இருந்து கூவினான்: "மகாராஜா, வெள்ளைக்குட்டி பிறந்திருக்கு!"

"அதுக்கே குட்டி பிறந்தாச்சு. வீட்டுக்கு வாய்யா"ன்னு அழுதுக்கிட்டே கையைப் பிடிச்சா சடைச்சி.

ராஜா ரெண்டு பேருக்கும் காட்டையே குடுத்தார். அந்தப் புள்ளிக்குட்டிக்குள்ளயும் ஒரு வெள்ளை மணி ஒளிஞ்சிருக்கு. அது பேரன் காலத்துல எட்டிப் பார்த்தா, நீங்க யாரும் கோலைத் தூக்கிட்டு வராதீங்க, கொம்பை எடுத்து ஊதுங்க.