காப்பி ஆடாமல் கிட்டார் வாசித்தது

சாலைக்குறிச்சிக்காரர்கள் ரொம்பப் புத்திசாலிகள். இதை நான் சொல்லவில்லை, அவர்களே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்கள். அந்த ஊரில் ஒரு மெல்லிசைக் குழு இருந்தது. மொத்தம் மூன்று பேர். கோமதிநாயகம் பாடுவான், சொரிமுத்து டிரம்ஸ் அடிப்பான், தேவசகாயம் கிட்டார் வாசிப்பான். ஒரு பாட்டை யார் முதலில் முடிப்பது என்பதில் மட்டும் அவர்களுக்குள் கொஞ்சம் போட்டி உண்டு.

தேவசகாயத்துக்கு இரண்டு ஆசைகள் இருந்தன. எதிர்வீட்டுச் செல்வராணியைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது ஒன்று. கிட்டார் சத்தத்தைப் பெரிதாக்குகிற வால்வு ஆம்ப்ளிஃபயர் வாங்க வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே மாதத்தில் கூடி வந்ததுதான் வினையாகப் போயிற்று.

பழைய மாடலில் புதிதாகச் செய்த பெட்டி அது. வெளியே பழுப்புத் துணி, மேலே தோல் கைப்பிடி, உள்ளே அந்தக் காலத்து ரேடியோவில் இருக்குமே, அதே மாதிரி கண்ணாடி வால்வுகள். எடை முப்பத்திரண்டு கிலோ. மதுரையில் அதை விற்ற கடைக்காரர் மூன்றே விஷயம் சொல்லி அனுப்பினார்.

"சுவிட்சைப் போட்டதும் வாசிச்சிடாதீங்க தம்பி, வால்வு சூடாகணும். சத்தத்தைப் பத்துல வச்சாத்தான் இதோட நிஜக் குரல் வரும். ஆனா வீட்டுக்குள்ள மட்டும் ரெண்டைத் தாண்டாதீங்க."

தேவசகாயம் மூன்றையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டான். ஊருக்கு வரும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. பெட்டியை நனையவிட்டு, கையைப் பத்திரமாகச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான்.

மூன்று நாள் காய்ந்த பிறகு பெட்டிக்குக் கரண்ட் கொடுத்தார்கள். சூடாகிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? செல்வராணியின் அப்பா ஞானமுத்து ஓய்வுபெற்ற கம்பவுண்டர். அவர் வீட்டிலிருந்து சொரிமுத்து தெர்மாமீட்டர் வாங்கிவந்து பெட்டியின் முதுகில் செருகினான். கொஞ்ச நேரத்தில் எடுத்துப் பார்த்துவிட்டு முகம் வாடிப்போனான்.

"நூத்தி மூணு இருக்கு."

"காய்ச்சலோட பாடச் சொல்லுதது பாவம்லா?" என்றான் கோமதிநாயகம். தொண்டையின் அருமை பாடுகிறவனுக்குத்தானே தெரியும்.

"கடைக்காரர் சூடாகணும்னுதான் சொன்னாரு. காய்ச்சல் வரணும்னு சொல்லலியே" என்றான் தேவசகாயம்.

சுவிட்சை அணைத்து, பெட்டியின் மேல் ஈரத்துணி போட்டு, மூன்று பேரும் மாறி மாறி விசிறினார்கள். தொண்ணூற்றெட்டுக்கு வந்ததும்தான் மறுபடி சுவிட்சைப் போட்டார்கள்.

அடுத்தது சத்தம். வீட்டுக்குள் ரெண்டைத் தாண்டக் கூடாது. அதனால் பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்துப் பத்துக்குத் திருப்பினார்கள். தேவசகாயம் கண்ணை மூடிக்கொண்டு, தடித்த தந்தியை ஒரே ஒரு தட்டு தட்டினான்.

தெருவில் அடைகாத்துக்கொண்டிருந்த கோழிகள் எல்லாம் எழுந்து பெருமாள்பட்டி ரோட்டில் நடக்க ஆரம்பித்தன. சொரிமுத்து வீட்டு ஓடு ஒன்று இறங்கி வந்தது. எதிர்வீட்டு நாற்காலியில் சாய்ந்து, காப்பி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோன கம்பவுண்டர் ஞானமுத்து உதட்டைக் குவித்தபடி அப்படியே இருந்தார். காப்பி மட்டும் டம்ளரை விட்டுக் குதித்து அவருடைய வெள்ளை வேட்டியில் போய் உட்கார்ந்துவிட்டது.

அவர் தெருவைக் கடந்து வந்தார். வேட்டியில் காப்பி மணந்தது.

"வே தேவசகாயம், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் உமக்கும் என் மவளுக்கும் நிச்சயம். அன்னைக்கு நீரு வாசிக்கணும்னு அவ ஆசைப்படுதா. வாசியும், வேண்டாங்கல. ஆனா என் டம்ளர்ல காப்பி ஆடக் கூடாது. ஆடிச்சு, நிச்சயமும் கிடையாது, கல்யாணமும் கிடையாது."

செல்வராணி இல்லாத வாழ்க்கையைத் தேவசகாயத்தால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. முயன்று பார்த்தான், அழுகை வந்தது. உடனே மூன்று பேரும் ஆலோசனையில் உட்கார்ந்தார்கள்.

"சத்தத்தைக் குறைச்சா என்ன?" என்றான் சொரிமுத்து. அவனுக்கு எப்போதாவது இப்படி நல்ல யோசனை வந்துவிடும், மற்றவர்கள்தான் திருத்த வேண்டும்.

"பத்துலதான் நிஜக் குரல்" என்று கையை விரித்துக் காட்டினான் தேவசகாயம். "பொய்க் குரல்ல நிச்சயத்துக்கு வாசிக்கவா? கட்டிக்கப் போறவட்ட முதல் நாளே பொய் சொன்ன மாதிரி ஆயிராதா?"

அது எல்லோர் மனத்தையும் தொட்டது. சொரிமுத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டான்.

முதலில் பெட்டியை மூன்று மெத்தைகளால் சுற்றிக் கட்டினார்கள். சோதனைக்கு ஒரு டம்ளர் காப்பியைச் சொரிமுத்துவிடம் கொடுத்து உட்காரவைத்தார்கள். தேவசகாயம் வாசித்தான். சொரிமுத்து டம்ளரை உற்றுப் பார்த்து, "ஆடவே இல்ல" என்றான். கட்டிப்பிடித்துக் கொண்டாடிய பிறகுதான் டம்ளரில் காப்பி இல்லை என்பது தெரிந்தது.

"ஆறிப் போவுதேன்னு குடிச்சேன்" என்றான் சொரிமுத்து.

அதோடு, மெத்தைக்குள் இருந்த பெட்டியின் பாட்டு யாருக்குமே கேட்கவில்லை. ஆகவே மெத்தைக்குள் ஒரு மைக்கைச் செருகி, கோயில் கொடை விழாவுக்குக் கட்டுகிற புனல் ஸ்பீக்கர் இரண்டைப் பனைமரத்தில் கட்டி இணைத்தார்கள். இப்போது நன்றாகக் கேட்டது. பெருமாள்பட்டிக்குப் போய்ச் சேர்ந்திருந்த கோழிகள் அங்கிருந்தும் கிளம்பிவிட்டன. பஞ்சு கருகுகிற வாடை வந்ததும் மெத்தைகளை அவிழ்த்துவிட்டார்கள்.

கடைசியில் கோமதிநாயகத்துக்கு ஒரு வழி தோன்றியது. "எந்த இடத்துல காப்பி ஆடலைன்னு மொதல்ல கண்டுபிடிப்போம். ஞாயித்துக்கிழமை பெட்டியைத் தூக்கிட்டுப் போயி அங்க வச்சிருவோம்."

இவ்வளவு எளிய விஷயம் இத்தனை நாள் தோன்றவில்லையே என்று தேவசகாயம் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

அவன் வாசலில் உட்கார்ந்து பத்தில் வாசிக்க, சொரிமுத்து டம்ளர் நிறையக் காப்பியோடு தெருவில் நடந்தான். குடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தான். பத்தடி நடந்தான், காப்பி ஆடியது. நூறடி நடந்தான், இன்னும் ஆடியது. வேகமாக நடந்தான், காப்பி வழியவே செய்தது. சத்தம் போகப் போகக் கூடுகிறது என்று பயந்து ஓட்டமெடுத்தான். வாய்க்கால் பாலம் வந்ததும் மூச்சு வாங்கி உட்கார்ந்தான். டம்ளரில் மிச்சமிருந்த காப்பி கம்மென்று இருந்தது. தூரத்தில் கிட்டார் தேன் மாதிரிக் கேட்டது. உடனே அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டான்.

ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்து, இரண்டு பர்லாங் தூரம் பெட்டியைச் சுமந்து வந்து, பெருக்கல் குறியின் மேல் அச்சுப் பிசகாமல் வைத்தார்கள். பக்கத்துப் பம்புசெட் கொட்டகையில் கரண்ட் எடுத்தார்கள். தேவசகாயம் ஒரு தட்டு தட்டினான். காப்பி டம்ளரிலிருந்து கிளம்பி வாய்க்காலில் விழுந்தது.

மூவரும் குனிந்து குறியைப் பார்த்தார்கள்.

"குறி சரியாத்தான் இருக்கு" என்றான் சொரிமுத்து. "காலையில நல்ல இடமாத்தான் இருந்துச்சு."

"நாம இங்க வந்தது தெரிஞ்சு ஆட்டமும் பின்னாலயே வந்துருச்சோ என்னமோ" என்றான் கோமதிநாயகம். "அப்பிடின்னா அங்க இப்ப இருக்காது. போய்ப் பாத்துட்டு வாரேன்."

அவன் தேவசகாயம் வீட்டுக்கு ஓடிப்போய், ஒரு டம்ளர் காப்பியை வாசலில் வைத்து உற்றுப் பார்த்துவிட்டு, திரும்ப ஓடிவந்தான். "அங்க ஒரு பொட்டு ஆடல!"

பெட்டியை மறுபடி வீட்டுக்குச் சுமந்தார்கள். அங்கே ஆடியது. பாலத்துக்கு ஓடிப் பார்த்தார்கள், அங்கே ஆடவில்லை. இப்படி நாலு நடை போனதில் தேவசகாயத்துக்குத் தோள்பட்டை வீங்கிவிட்டது. ஐந்தாவது நடையில், பாதித் தூரத்தில் பெட்டியை இறக்கிவைத்து அதன் மேலேயே உட்கார்ந்தான். அவன் வாழ்க்கையில் அவனாக யோசித்துக் கண்டுபிடித்தது அது ஒன்றுதான்.

"ஏ, பெட்டி எங்க இல்லையோ அங்கதான் ஆடல."

மற்ற இருவரும் அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார்கள். பிழை எதுவும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கம்பவுண்டர் வீட்டில் ஜமுக்காளம் விரித்து உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஞானமுத்து புது வேட்டி கட்டி, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மெல்லிய கிட்டார் இசை காற்றில் மிதந்து வந்தது. காப்பி அசையவில்லை. அரை மணி நேரம் பார்த்தார். ஏடுதான் படிந்ததே தவிர ஆட்டம் இல்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"மாப்ளன்னா இவருல்லா மாப்ள! மோதிரம் மாத்தணும், கூப்பிடுங்க."

"அவன் வாய்க்கால் பாலத்துல இருக்கான் மாமா" என்றான் கோமதிநாயகம்.

"வரச் சொல்லும்."

"வந்தா வாசிக்க முடியாதுல்லா?"

ஞானமுத்து யோசித்தார். நியாயமாகத்தான் பட்டது. "அப்ப நாம போவோம்" என்றார். தாம்பாளம், ஜமுக்காளம், பிளாஸ்கில் காப்பி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கூட்டம் பாலத்துக்குக் கிளம்பியது. டம்ளரை அவர் கையை விட்டு இறக்கவே இல்லை.

தேவசகாயம் பத்தில் வாசித்துக்கொண்டிருந்ததால் யார் வந்ததும் அவனுக்குக் கேட்கவில்லை. நிமிர்ந்தபோது மாமனார் பக்கத்தில் நின்றார். டம்ளர் காலி. புது வேட்டியில் காப்பி.

அவனுக்குக் கை நின்றுவிட்டது. எல்லாம் முடிந்தது, செல்வராணி போய்விட்டாள் என்று நினைத்தான்.

ஞானமுத்து வாயைத் திறப்பதற்குள் செல்வராணி நேராகப் போய்ப் பெட்டிக் குமிழைப் பத்திலிருந்து ரெண்டுக்குத் திருப்பினாள். டம்ளரில் காப்பி ஊற்றி அப்பா கையில் கொடுத்தாள். "இப்ப வாசிங்க" என்றாள். அவன் வாசித்தான். இசை அருகில் உட்கார்ந்து பேசுவது போல வந்தது. காப்பி ஆடவில்லை. கூட்டம் பெருமூச்சு விட்டது.

தேவசகாயம் மட்டும் தன் உள்ளங்கையைப் பார்த்தான். அவனுக்கு மனசு கேட்கவில்லை. எது போனாலும் சரி, உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான்.

"மாமா, இது தப்பு. ரெண்டுங்கது வீட்டுக்குள்ள வாசிக்க. நாம வெட்டவெளியில இருக்கோம்."

செல்வராணி தலையில் கைவைத்துக்கொண்டாள். ஆனால் ஞானமுத்துவின் முகம் மலர்ந்தது. "முப்பது வருஷம் டாக்டர் எழுதினத ஒரு சொட்டு மாத்தாம மருந்து கலக்குனவன் நான். எழுதினதுன்னா எழுதினதுதான். ஏ, இங்கயே ஒரு வீடு கட்டுங்கடே!"

உறவுக்காரர்களில் உயரமான நாலு பேர் மூலைக்கு ஒருவராக நின்று ஜமுக்காளத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்கள். பெட்டியும் மாப்பிள்ளையும் அதற்கடியில் வந்தார்கள். செல்வராணி இவர்களை ஒருமுறை பார்த்தாள், வாய்க்காலை ஒருமுறை பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டே உள்ளே போகக் காலெடுத்து வைத்தாள்.

"செருப்பை வெளிய விட்டுட்டு வாம்மா" என்றார் ஞானமுத்து.

ரெண்டில் வைத்த கிட்டார் வாசிக்க, கோமதிநாயகம் பாட, மோதிரம் மாற்றினார்கள். காப்பி ஆடவே இல்லை. கடைசியில் ஞானமுத்து அதை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டார். கூட்டம் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியது. ஜமுக்காளத்தைத் தூக்கிப் பிடித்திருந்த நாலு பேரும் கை வலியோடு கேட்டார்கள்.

"அண்ணாச்சி, நாங்களும் சாப்பிட வரட்டுமா?"

ஞானமுத்து திரும்பி நின்று அவர்களை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னவே பேசுதீங்க? தூணு எங்கயாவது பந்தியில வந்து உக்காருமா?"

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதுவும் சரிதான் என்று தலையை ஆட்டினார்கள்.

"ஆடாதீங்கவே" என்றார் ஞானமுத்து, "வீடு விழுந்துரும்."