பஞ்சாரத்துக்குள் கேட்ட சத்தம்

பக்கத்து வீட்டு சபுரா கொடுத்த முட்டைகளைப் பொன்னரசியின் கோழி அடைகாத்துக் குஞ்சு பொரித்துவிட்டது! அக்கம்பக்கத்துப் பெண்களில் ஒருத்தி குருணை கொண்டுவந்தாள், ஒருத்தி தண்ணீர் வைத்தாள். குஞ்சுகளை மூடிவைத்த பஞ்சாரக் கூடைக்குள் ஒரே கீச்கீச்.

கூப்பிடாமலே வந்தார் ஊர்த்தலைவர் சங்கரலிங்கம்.

"என் வெள்ளைக்கோழி உங்க கொல்லையிலதான் திருட்டுத்தனமா முட்டை போட்டுச்சு. குஞ்சு பூராவும் எனக்குத்தான்!"

"பார்க்காமலே சொல்றீங்களே, ஐயா?" என்றாள் பொன்னரசி.

"பார்க்கணுமா? சத்தமே சொல்லுதே, என் கோழிக் குஞ்சுதான்னு!"

"எல்லாரும் ஓடிவாங்க, தலைவர் சொல்றதைக் கேளுங்க!" என்று தெருவையே கூட்டினாள் பொன்னரசி. அவர் மறுபடியும் சத்தமாகச் சொன்னார். அவள் பஞ்சாரத்தைத் தூக்கினாள்.

குஞ்சுகள் குடுகுடுவென்று ஓடிக் கொல்லையோரக் குட்டையில் குதித்து நீந்தின. அடைகாத்த கோழி கரையில் நின்று கதறியது. சபுரா கொடுத்தது வாத்து முட்டை!

"உங்க கோழிக்குப் பிறந்ததுங்கதானே, ஐயா? கரைக்குக் கூப்பிடுங்க!"